சவரி அண்ணனுக்குத் தெரிந்த ஒரு சொல்

சவரி அண்ணன் காலமான செய்தியைச் சொல்ல அவருடைய மருமகள் தெரேசா வந்தபோது, நான் ஆஸ்பத்திரியில் புறநோயாளிகளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் நேராக என்னிடம் வராமல் நோயாளிகளோடு வரிசையில் நின்று, தன் முறை வரும்வரை காத்திருந்தாள். கையில் சீட்டு இல்லையே என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"சீட்டு இல்ல சிஸ்டர். மாமா காலைல போய்ட்டாரு. உங்களாண்ட மொதல்ல சொல்லணும்னு சொல்லிக்கினே இருந்தாரு" என்றாள்.

மறுநாள் பல்லாவரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். ஐம்பத்து மூன்று வயது. மாரடைப்பு. சாமியார் பேசும்போது, "இருபத்தைந்து ஆண்டு அப்பழுக்கில்லாமல் ஊழியம் செய்தவர்" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இரண்டு பேர் மட்டும் ஆட்டவில்லை. ஒருவர் எங்கள் இல்லத்தின் தலைவி மதர். இன்னொருத்தி நான். அந்த வார்த்தையை அவர் ஏற்றிருக்க மாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலர் அவரை நம் இல்லத்து வேன் டிரைவராக அறிந்தவர்கள். சேலையூர் தாண்டி மாடம்பாக்கம் போகிற வழியில் கன்னியர் நடத்தும் அந்த இல்லத்தில், போக்கிடமில்லாத பெண்களும் புத்தி பேதலித்த பெண்களும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். நான் அங்கே நர்சாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. புராட்டஸ்டண்டு வீட்டுப் பெண். கத்தோலிக்க வழக்கம் பாதி புரியாது. என்னைத் தங்கச்சி மாதிரி பார்த்துக்கொண்டவர் சவரி அண்ணன்தான். கறுத்த, ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். பெரிய குரல் அவருக்கு. ஆனால் அதை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையும் தூரத்திலிருந்து கூப்பிட மாட்டார். மருந்துப் பெட்டி தூக்க ஆள் வேண்டுமென்றால்கூட, வண்டியை விட்டு இறங்கி, நடையைக் கடந்து, ஆள் இருக்கும் இடத்துக்கே வந்து நிற்பார். "ஹாரன் அடிச்சா போதுமே அண்ணா" என்பேன். சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்.

"வண்டிய ஓட்டறதுக்கு யார் வேணா வருவான் எஸ்தரு. நிறுத்தறதுக்குத்தான் டிரைவர் வேணும்" என்பது அவர் அடிக்கடி சொன்னது. அவரைப் பற்றி அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. முன்னே எங்கே இருந்தீர்கள் என்றால், "அங்க இங்க" என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கோடை தொடங்கியிருந்த ஒரு நாள், ஒரு மனிதர் டாக்சியில் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நம் வீட்டுப் பெண்களைப் போன்ற முகம், நெற்றியில் பொட்டு, கொண்டை. புதுச் சேலையை மட்டும் பழக்கமில்லாதவள் போல இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "என் தங்கச்சிங்க, பேரு பாக்கியம். திருச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். புருஷன் விட்டுட்டுப் போனதுல புத்தி பிசகிருச்சு. கன்னாபின்னான்னு பேசறா. ஒரு மாசம் வெச்சிருங்க, வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். பதிவேட்டில் ஒரு விலாசம் எழுதினார். கிளம்பும்போது அவளிடம் குனிந்து ஏதோ மெல்லச் சொன்னார். அவள் தலையாட்டினாள். வாசலில் சவரி அண்ணன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் அவள் பேச ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை யாருக்கும் புரியவில்லை. "பாக்கியம்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. தன் பெயரே தெரியாதவள் என்று குறிப்பில் எழுதினோம். எழுதியது என் கை. வாரம் ஒருமுறை வரும் டாக்டரும் அதைப் படித்துவிட்டுத்தான் அவளைப் பார்த்தார். அவள் வேறு முகத்தோடு, வேறு நிறத்தோடு வந்திருந்தால் இவள் எந்த ஊர்க்காரி, என்ன பாஷை என்று யாராவது யோசித்திருப்போம். தமிழச்சியின் முகத்தில் புரியாத பேச்சு இருந்தது. அதற்கு எங்களிடம் இருந்த ஒரே பெயர் பைத்தியம்.

அவள் பேச்சில் சில சொற்கள் மட்டும் காதில் தெளிவாக விழுந்தன. அதுதான் வினையாகப் போயிற்று. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மரி, மரி" என்பாள். சில நேரம் "சுவாமி" என்பாள். வெயில் ஏற ஏற "ஆயர், ஆயர்" என்பாள்.

வார்டு ஆயா ரெஜினாவுக்குக் கண் கலங்கிவிடும். "இன்னா பக்திம்மா இதுக்கு! மாதாவக் கூப்டுது, சுவாமியக் கூப்டுது, ஆயரப் பாக்கணும்னு கேக்குது. நல்ல கத்தோலிக்கக் குடும்பத்துப் பொண்ணா இருக்கும். பொட்டு வெச்சு இட்டாந்துட்டானுங்க" என்பாள். கத்தோலிக்கர்கள் மரியே வாழ்க என்று ஜெபிப்பவர்கள். பிஷப்பை, அதாவது மேற்றிராணியாரை, ஆயர் என்று சொல்லத் தொடங்கியிருந்த காலம். அவர்கள் காதுக்கு அது அப்படித்தான் கேட்கும். பக்தி முற்றிப் புத்தி மாறியவள் என்று இல்லம் முழுக்க முடிவாகிவிட்டது.

என் காதுக்கு வேறு மாதிரிக் கேட்டது. எங்கள் வீட்டில் வேதப்புத்தகத்தில் மரித்தார், மரித்தோர் என்றே படித்து வளர்ந்தவள் நான். முதல் வாரத்திலேயே ஒரு நாள் மதியம் சாப்பாட்டுத் தட்டோடு அவள் அறைக்குள் போனேன். அவள் என் கண்ணை நேராகப் பார்த்து, கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க விரல்களை மடக்கி மடக்கி, "மரி... மரி..." என்றாள். நீ செத்துப் போ, மண்ணுக்குள் போ என்று சபிப்பதாகவே பட்டது. தட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அதுவரை அந்த அறை சாத்தப்பட்டதில்லை. "இவள் மிரட்டுகிறாள்" என்று நான் சொன்னதற்குப் பிறகு அது இரவும் பகலும் பூட்டியே இருந்தது. உள்ளே ஒரு ஜன்னல், ஒரு கட்டில். அவள் ஐந்து மாதம் அதற்குள் இருந்தாள்.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது, ரெஜினா கெஞ்சியதால் பங்குச் சாமியார் வந்து அவளுக்கு மந்திரிக்க இசைந்தார். மந்திரித்த தீர்த்தம் நிறைந்த சிறு செம்பு ரெஜினாவின் கையில் இருந்தது. சாமியார் ஜெபம் தொடங்கித் தீர்த்தத்தைத் தெளித்ததும், முகத்தில் துளி பட்ட நொடியில் அவள் பாய்ந்து செம்பைப் பிடுங்கினாள். "ஆயர்!" என்று சொல்லிவிட்டு, அண்ணாந்து மடமடவென்று முழுவதையும் குடித்துவிட்டாள். தாடையில் வழிந்ததைக்கூட வழித்து நக்கினாள். ரெஜினா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். சாமியார் வெளியேறினார். தீர்த்தத்தையே குடித்தவள் என்று குறிப்பில் இன்னொரு வரி ஏறியது.

வராந்தாவில் சாமியாரைத் திருப்பி அழைத்துப்போக நின்ற சவரி அண்ணன் இதைப் பார்த்தார். அன்று மாலை ஒரு மண்பானையும் அலுமினிய டம்ளரும் வாங்கி வந்து, அவள் கை எட்டும்படி ஜன்னலுக்கு வெளியே திண்டில் வைத்தார். தினமும் வேலைக்கு வந்ததும் முதலில் அதில் தண்ணீர் ஊற்றுவார். அவள் பக்கம் பார்க்க மாட்டார். ஊற்றிவிட்டு விறுவிறுவென்று போய்விடுவார். அதற்குப் பிறகு அவள் ஆயர் என்று கேட்பது நின்றுபோயிற்று. ஜெபத்தின் பலன் என்றாள் ரெஜினா. இரக்கமுள்ள மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவளைக் கொண்டுவந்து விட்ட மனிதர் திரும்பி வரவில்லை. மதர் எழுதிய கடிதங்கள் விலாசம் தவறென்று திரும்பின. ஐந்தாவது மாதம், அவளைப் பட்டணத்துப் பெரிய மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க டாக்டர் கையெழுத்திட்டார். சேர்த்தால் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான். கேட்டு வர அவளுக்கு யாருமில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, அவளை வேனின் பின்புறம் ஏற்றினோம். துணைக்கு நான். அவள் எங்கே போகிறோம் என்று என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. வெளியே போகிறோம் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிக்கத் தாம்பரம் ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட் மூடியிருந்தது. எலெக்ட்ரிக் ரயில் ஒன்று போயிற்று. பிறகு ஒரு சரக்கு வண்டி வந்து, முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டு, நகராமல் நின்றுவிட்டது. எங்களைச் சுற்றி சைக்கிள்களும் மாட்டு வண்டிகளும் நெருங்கிக்கொண்டன. முன்னால் போக வழியில்லை, பின்னால் திரும்பவும் இடமில்லை. வேனுக்குள் அடுப்பு போல வெக்கை. அவள் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பி வலையில் முகத்தை வைத்து அழுத்தினாள்.

"மரி" என்றாள். அவர் முதுகைப் பார்த்து, குழந்தையைக் கேட்பது போல, மிகத் தாழ்ந்த குரலில். "மரி... மரி..."

சவரி அண்ணன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் என்ஜினை நிறுத்தினார். திரும்பாமலே, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "சியாப்பா நாமா?" என்றார்.

எனக்கு அது வெறும் சத்தமாகத்தான் கேட்டது. ஆனால் அவளுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. கம்பி வலைக்குள் விரல்களை நுழைத்துக்கொண்டு, மூச்சு விடாமல், அழுகையும் பேச்சுமாகக் கொட்டினாள். அவர் இடையிடையே ஒன்றிரண்டு சொல் சொன்னார். தட்டுத்தடுமாறி, வெகுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறப்பவர் போலப் பேசினார். சரக்கு வண்டி போய்விட்டது, கேட் திறந்துவிட்டது, பின்னால் நின்றவர்கள் "யோவ், எடுய்யா வண்டிய! தூங்கறியா?" என்று கத்தினார்கள். அவர் அசையவில்லை.

"அண்ணா, என்ன இது? என்ன பாஷை?" என்றேன்.

"மலாய்" என்றார். "பேரு இன்னான்னு கேட்டேன். பாக்கியம் இல்ல, நாகம்மா. மலாக்காக்காரி. அங்க நம்மாளுங்க ரொம்பத் தலமொறைக்கு முன்ன போய்த் தங்கிட்டாங்க. சாமி நம்ம சாமி, பேரு நம்ம பேரு, பேச்சு மட்டும் மலாய். தமிழ் ஒரு வார்த்த தெரியாது. இட்டாந்து வுட்டவன் அண்ணன் இல்ல, அவ புருஷன். நாலு வயசுப் பொண்ணு ஒண்ணு கீது. ரெண்டு நாள்ல கொழந்தையோட வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"மரின்னா?"

"வான்னு அர்த்தம்" என்றார். "'வா, இங்க வா.' அஞ்சு மாசமா அதத்தான் கேட்டுகினு கீறா. சுவாமின்னா புருஷன். ஆயர்னா தண்ணி."

நான் அவளைப் பார்க்க முடியாமல் வெளியே பார்த்தேன். அன்று அந்த மதியத்தில் அவள் என்னைச் சபிக்கவில்லை. உள்ளே வந்து பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறாள். நான் தாழ்ப்பாள் போட்டேன்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு இல்லத்துக்கே வந்தோம். மதர் அறையில் சவரி அண்ணன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மதர் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. கண்டிப்பானவர், ஆனால் எதையும் அரைகுறையாகக் கேட்காதவர். முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சவரி, இவள் பேசுவது உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

நான் அவருக்காகப் பதில் தேடினேன். 'இன்றைக்குத்தான் பக்கத்தில் கேட்டேன், புரிந்தது' என்று சொல்லிவிடலாம். அவர் பின்கட்டு வார்டுக்குள் வருவதில்லை. ஜன்னல் பக்கம் நின்று பேசியதுமில்லை. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நானே அப்படித்தான் நம்பியிருந்தேன்.

"மொத நாளே தெரியும் மதர்" என்றார். "அந்தாளு போறப்போ அவளாண்ட சொன்னதுகூடக் கேட்டுது."

"ஏன் சொல்லவில்லை?" என்றார் மதர். சவரி அண்ணன் வேன் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்க முடியாத கோபம் வந்தது. ஒரு மனுஷி ஐந்து மாதம் அறைக்குள் கிடந்து கூப்பிட்டிருக்கிறாள். இவர் தினமும் பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

மதர் சாவியை எடுத்து அவர் கையிலேயே வைத்தார். "முதலில் குழந்தையைக் கண்டுபிடி. நானும் வருகிறேன்."

ஊர்ப் பெயர் நாகம்மாவுக்குத் தெரியவில்லை. கப்பலிலிருந்து இறங்கி, புருஷனுடைய அக்கா வீட்டில் சில நாள் தங்கினார்களாம். பக்கத்தில் படியேறிப் போகும் சின்ன மலை, மேலே முருகன் கோயில். பகல் முழுக்கத் தெருவெல்லாம் தறிச் சத்தம். அவள் நாக்கால் 'டக், டக்' என்று அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினாள். "குன்றத்தூர்" என்றார் சவரி அண்ணன். பல்லாவரம் வழியாகப் பம்மல் தாண்டிப் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவ்வளவு பக்கத்தில் அவள் குழந்தை இருந்திருக்கிறது.

மூன்றாவது தெருவில் நாகம்மா வீட்டை அடையாளம் காட்டினாள். புருஷனுடைய அக்கா தறியிலிருந்து எழுந்து வந்தாள். ஐம்பதை நெருங்கிய, பிள்ளை இல்லாத பெண். நாகம்மாவைக் கண்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இவ செத்துட்டான்னு சொன்னானே பாவி! புத்தி கலங்கி ஆஸ்பத்திரில செத்துட்டா, நீயே வளத்துக்கன்னு குடுத்துட்டு அவன் பழைய பொண்டாட்டியாண்ட போய்ட்டான். ஐயோ, நான் இன்னா பண்ணுவேன்! எனக்கும் இப்பத்தான் ஒண்ணுன்னு கெடச்சுது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பொய் சொல்கிறவளாகத் தோன்றவில்லை.

குழந்தை அவள் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தது. எண்ணெய் வைத்து வாரிய தலை, பூப்போட்ட கவுன். நாகம்மா ஓடிப்போய்த் தூக்குவாள் என்று நினைத்தேன். அவள் பயந்துவிட்டாள். குழந்தைக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை என்பதை முதலில் பார்த்தவள் அவள்தான். ஐந்து மாதத்தில் நாகம்மா பாதியாக இளைத்திருந்தாள். கொண்டை போய், பேன் தொல்லைக்காக இல்லத்தில் மொட்டையடித்த தலையில் முடி அரையங்குலம்தான் வளர்ந்திருந்தது. "யாரு அத்த?" என்று குழந்தை தமிழில் கேட்டது.

நாகம்மா தெருவிலேயே மண்டியிட்டாள். கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க விரல்களை மடக்கி, "மரி" என்றாள்.

குழந்தை முந்தானையை விட்டது. ஓடவில்லை, நடந்தே வந்தது. கிட்டே வந்து அந்த முகத்தைத் தொட்டுப் பார்த்து, பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டது. அத்தைக்காரி வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சவரி அண்ணனைத் தேடினேன். வேனுக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

நாகம்மா ஊர் திரும்பப் பதினான்கு மாதம் ஆயிற்று. கடவுச்சீட்டு புருஷனிடம், அவன் அதைக் கிழித்துப்போட்டிருந்தான். ஒவ்வொரு அலுவலகமாக மதர் ஏறி இறங்கினார். மலாக்காவில் இருந்த அவள் தம்பிக்கு நாகம்மா சொல்லச் சொல்ல, சவரி அண்ணன் திருப்பிச் சொல்ல, அந்த மலாயை ஆங்கில எழுத்தில் நான் கடிதமாக எழுதினேன். அந்தப் பதினான்கு மாதமும் அவளும் குழந்தையும் இல்லத்தில் திறந்த அறையில் இருந்தார்கள். குன்றத்தூர் அத்தை ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சவரி அண்ணனை மதர் வேலையை விட்டு நீக்கவில்லை. ஆனால் நான்தான் வெகுநாள் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

தம்பி வந்து இருவரையும் கூட்டிப்போன நாளில், அவர்களைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு நானும் அண்ணனும் மட்டும் திரும்பினோம். பல்லாவரம் தாண்டியதும் வண்டியை ஒரு புளிய மரத்தடியில் ஓரம்கட்டி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் மலாயாவுல ரப்பர் தோட்டத்துல பொறந்தவன் எஸ்தரு. யாராண்டையும் சொன்னதில்ல. சண்ட நடந்தப்போ என்னையும் எங்கப்பாவையும் சயாம்ல ரயில் பாத போட இட்டுனு போனாங்க. எனக்குப் பதினேழு வயசு. ஜப்பான்காரனுக்கும் எங்களுக்கும் நடுவுல மலாய்தான் பேச்சு. எனக்குக் குரல் பெருசுன்னு காலைல ஆளுங்கள எழுப்பிக் கூப்புடற வேல குடுத்தான். குடிசை குடிசையாப் போய் 'மரி, மரி'ன்னு கத்தணும். காலரா வந்துது. நோவு வந்தவனெல்லாம் ஆத்துக்கு அந்தாண்ட ஒரு கொட்டாய்க்குப் போவணும்னான். மருந்து குடுப்பாங்கன்னான். மொத நாள் நானும் நம்பித்தான் கூப்ட்டேன். ரெண்டாம் நாள் எனக்குத் தெரியும், போனவன் யாரும் திரும்ப மாட்டான்னு. தெரிஞ்சே கூப்ட்டேன். கூப்புடலன்னா என்னைய அனுப்பிடுவான்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"எங்கப்பாவையும் நான்தான் கூப்ட்டேன். அவருக்கும் தெரியும் அங்க இன்னான்னு. நான் கூப்ட்டேன்னு எழுந்து வந்தாரு."

"அண்ணா" என்றேன்.

"இந்தப் பொண்ணு ஜன்னல்ல நின்னு அந்த வார்த்தயச் சொன்னப்போ, அங்க போனவங்க எல்லாம் என்னையக் கூப்புடறா மாதிரி இருந்துச்சு. திரும்பி ஒரு வார்த்த பேசிட்டேன்னா, எங்க கத்துக்கினே, எப்பக் கத்துக்கினேன்னு கேப்பாங்க. எல்லாம் சொல்லணும். அதுக்குப் பயந்துகினு ஒருத்திய உள்ளயே வெச்சுட்டேன். அது மறுபடியும் அதேதானே? நாம தப்பிக்கறதுக்கு இன்னொருத்தர அனுப்பறது."

இல்லத்துக்குத் திரும்பியதும் மதரிடம் போய் அவரே எல்லாவற்றையும் சொன்னார். அப்போது மதர் சொன்னதைச் சவரி அண்ணன் பின்னால் என்னிடம் சொன்னார்: "நீ கேட்டுவிட்டுக் கேட்காதவன் போல இருந்தாய். நாங்கள் எல்லோரும் கேட்காமலே கேட்டதாக நினைத்துக்கொண்டோம். சேர்ந்தே மன்னிப்புக் கேட்போம், வா." இருவரும் கோயிலுக்குள் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே போகும் முன் அவர் வாசலில் நின்றார். மதர் திரும்பி வந்து, கூடவே அழைத்துப்போனார்.

அதனால் அவர் விடுபட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி நடக்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் குரல் உயரவில்லை. அவர் பேரக் குழந்தையைக்கூடக் கூப்பிடாமல், எழுந்து போய்த்தான் தூக்குவார். போன மாதம் பார்க்கப் போனபோது, "நான் போனப்புறம் இதெல்லாம் எழுதணும்னா எழுதிக்கோ எஸ்தரு. ஆனா என்னைய நல்லவன்னு எழுதாத. அந்த அஞ்சு மாசத்த வுட்டுடாத" என்றார். விடவில்லை, அண்ணா.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பதிலைத்தான். மதர் கேட்டபோது ஒரு சின்னப் பொய் போதும். அவர் எல்லோருக்கும் வீரனாகியிருப்பார், நானும் காலமெல்லாம் அவரை அப்படியே கொண்டாடியிருப்பேன். வெளியேற வழி திறந்தே இருந்தது. அவர் அந்த வழியாகப் போகவில்லை. "மொத நாளே தெரியும் மதர்" என்றார். நர்சு வேலையில் பிழை செய்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நான் மூச்சு விடும் நாட்கள் உண்டு. அப்போது அந்தக் குரல் கேட்கும். எழுந்து போய்ச் சொல்லிவிடுவேன்.